வலிக்காத ஊசி

விறைக்கத் தொடங்கிய கையைச் சட்டையிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள் சகாயமேரி. விடியற்காலையில் புருஷன் பிரகாசத்தின் உயிர் போயிருந்தது. ஃப்ரீசர் பெட்டி கரையான்சாவடியிலிருந்து கிளம்பிவிட்டதாம். அதற்குள் குளிப்பாட்டி, கோட்டு போட்டுவிட வேண்டும்.

"வலியில்லாம பூட்டான் எந்தம்பி. அந்த மட்டும் கொடுத்து வெச்சவன்," என்று மூக்கை உறிஞ்சினாள் நாத்தனார் ஞானம்மாள்.

சட்டைக் கையோடு சேர்ந்து மருந்துப் பட்டையும் கழன்று சகாயமேரியின் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு ரூபாய்க் காசளவுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் கொடுத்த புது மருந்து. கண்ணுக்கே தெரியாத துகளாக்கி, மயிரைவிடச் சன்னமான ஊசிகளுக்குள் வைத்திருந்தார்கள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன், "இது வலிக்கவே இல்ல மேரி" என்று சிரித்தாரே! அந்தச் சிரிப்பை நம்பித்தான் இத்தனை மாதம் ஓட்டினாள். போன மாதம் டாக்டர், "மருந்து இவர் உடம்புக்குக் கேக்கலம்மா" என்று கைவிரித்துவிட்டார். அப்புறமும் மிச்சமிருந்த பட்டைகளை இவள் விடாமல் ஒட்டி வந்தாள்.

நர்ஸ் நிவேதிதா ஆரம்பத்திலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "தோல் நல்லா காஞ்சிருக்கணும்மா. கட்டைவிரலால அழுத்துனா லேசா சுருக்குங்கும். ஊசியெல்லாம் உள்ள போய் கரைஞ்சிடும். பிரிச்சா பட்டை வழவழன்னு இருக்கும்."

பிரிப்பது எப்போதும் அவர்தான். பிரித்து ஆஸ்பத்திரி டப்பாவில் போட்டுவிடுவார். ஒட்டுவது மட்டும்தான் இவள் வேலை.

சகாயமேரி பட்டையின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். சொரசொரவென்றிருந்தது. மறுபடி தடவினாள். ஒரு ஊசிகூடக் கரையவில்லை. ஓரத்துப் பசை மட்டும்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஐயோ, மாதாவே!

துண்டால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுவாள். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால், கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தொட்டு அதே இடத்தில் ஒரு சிலுவை போடுவாள். ஒரு வாரம் தவறியதில்லை. மருந்தோடு ஆசீர்வாதமும் உள்ளே போகட்டும் என்று நினைத்தாள். நர்ஸிடம் சொல்லவில்லை. சாமி காரியத்தை அவளிடம் எதற்குச் சொல்ல?

கும்பிட்டுக் கும்பிட்டே கொன்னுட்டேனே. வாய்விட்டு அழக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

"அண்ணி..."

"இன்னாடி? இந்தா, எண்ண. நெத்தியில ஒரு சிலுவ போட்டுடு. உங்கையால போட்டாதான் அவனுக்கு நிம்மதி."

வாசலில் பெட்டி வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. ஞானம்மாள் புட்டியை நீட்டியபடி நின்றாள். சகாயமேரி சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் தன் மேல்கையை அழுத்தித் துடைத்தாள். அங்கே பட்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

லேசாகச் சுருக்கென்றது. இன்னும் அழுத்தினாள்.