இருபத்தாறு குழிகள்

பழைய வேலியைப் பிடுங்கிப்போட டுவேனுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. செப்டம்பர் பத்தாம் தேதி இரண்டு ஆட்களோடும் குழி தோண்டும் இயந்திரத்தோடும் வந்தவன், துருப்பிடித்த கம்பிவலையைச் சுருட்டி டிரக்கில் ஏற்றினான். சாயங்காலம் அவன் கிளம்பும்போது தோட்டத்தைச் சுற்றி இருபத்தாறு குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம்.

"நாளைக்கு மரம் வந்துரும் மேடம். வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டி சாவியை உங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன்" என்றான்.

மார்லிஸ் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளிடம் நேரமில்லை.

அவள் கணவர் வெர்லின் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு மகள் பெயர் மறந்துவிட்டது. பிற்பகல் இரண்டரை மணி மட்டும் மறக்கவில்லை. கடிகாரம் பார்க்காமலே அந்நேரம் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, "பசங்க காத்திருப்பாங்க" என்று கிளம்பிவிடுவார். சூ ஃபால்ஸ் நகரத்தின் கடைசித் தெருவில் இருந்தது அவர்கள் வீடு. தோட்டத்தைத் தாண்டினால் மக்காச்சோளக் காடு, அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. இடுப்புயர கம்பி வேலியை அந்தக் கோடையில் இரண்டு முறை கால் தூக்கித் தாண்டியிருந்தார். அதனால்தான் ஆறடி மரவேலிக்குச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜோலீன்தான் டுவேனைக் காட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டுவேன் வரவில்லை. திங்கட்கிழமை மரக்கடையில் தாமதம் என்றான். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பேசிப் பதிவு செய்யலாமென்றால் குரல்பதிவுப் பெட்டி நிறைந்துவிட்டதாக இயந்திரக் குரல் சொன்னது.

மார்லிஸ் குழிகளின் மேல் ஒட்டுப்பலகைகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல் வைத்தாள். பின்கதவில் மணி கட்டினாள். குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளித்தாள். தலையில் சோப்பு நுரையோடு இரண்டு முறை ஓடி வந்து பார்த்தாள், பூனைதான் மணியைத் தட்டியிருந்தது. ஞாயிறு தேவாலயம் நின்றது. அங்கே கோப்பையில் ஊற்றித் தரும் மட்டமான காப்பிக்காக ஏங்குவாள் என்று அவளே நினைத்ததில்லை. மளிகையை ஜோலீன் வாங்கி வந்து வாசலில் வைத்தாள்.

"அடியே, வேற ஆளைப் பாரேன். ஊர்ல அவன் ஒருத்தனா வேலி போடுறான்?"

"பார்க்காமலா இருக்கேன்? நகராட்சியில பெர்மிட் அவன் பேர்ல இருக்காம். அவன் கையெழுத்துப் போட்டு விலகினாத்தான் இன்னொருத்தன் தொடலாமாம். அப்படியே விலகினாலும், அடுத்தவன் தோண்டின குழியில நாங்க கம்பம் நட மாட்டோம்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. மூணாவது ஆள் மே மாசம் வரேங்கறான்."

"எல்லாம் என்னாலதான்."

"நீ என்னடி பண்ணுவ, உன் கொழுந்தன் வீட்டுல ஒழுங்காத்தானே போட்டான்?"

ஊர்க்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் ஒருநாள் எழுதிக் கேட்டாள். நாற்பது பேர் பதில் போட்டார்கள். ஒருத்தி வேலியில்லாத தோட்டத்தில் மூன்று மாதம் நாயைக் கயிற்றில் பிடித்து நின்றிருக்கிறாள். ஒருவர் வீட்டில் கதவை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொருவர், தன் வேலி பக்கத்து வீட்டு நிலத்தில் ஓரடி ஏறி நிற்பதாகவும் அண்ணன்போல் பழகியவர் இப்போது வக்கீல் மூலம்தான் பேசுகிறார் என்றும் எழுதியிருந்தார். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். யாருக்கும் வழி தெரியவில்லை. தரை உறைவதற்குள் கான்கிரீட் ஊற்றாவிட்டால் வசந்தம்வரை ஒன்றும் நடக்காது என்று மட்டும் ஒருவர் எச்சரித்தார்.

அக்டோபர் கடைசியில், மே மாதத்து ஆளிடமே மறுபடி கெஞ்சலாம் என்று அழைத்தாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணை ஒரு நிமிடம் மூடினாள். ஒரு நிமிடம்தான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள். எத்தனை நிமிடமோ, அவளுக்கே தெரியாது. விழித்தபோது முன்கதவு திறந்து கிடந்தது. மணி பின்கதவில் இருந்தது.

தெருவில் அவர் இல்லை. தோட்டத்துக்கு ஓடினாள். ஒரு பலகை விலகியிருந்தது. மண்டியிட்டுக் குழிக்குள் பார்த்தாள், மழைத்தண்ணீர்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அன்றைக்கென்று அறுவடை இயந்திரம் காட்டுக்குள் இறங்கியிருந்தது. வீடளவு உயர இயந்திரம், ஒரே வீச்சில் எட்டு வரிசையைத் தின்றபடி வந்துகொண்டிருந்தது. காய்ந்த சோளத்தட்டைகளுக்குள் நிற்கும் மனிதன் மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

மார்லிஸ் வீட்டுச் செருப்போடு அறுத்த தட்டைகளின் மேல் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. இயந்திரத்துக்கு நேர் எதிரே போய், மேலங்கியைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினாள். அது நின்றது. இறங்கிய ஆள் கோபமாகத்தான் வந்தான்.

"பைத்தியமா உங்களுக்கு? ஒரு நொடி தப்பியிருந்தா..."

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

அவன் பேச்சை நிறுத்தி, திரும்ப ஏறி என்ஜினை அணைத்தான். சத்தம் அடங்கியதும் காடு முழுக்கத் தட்டைகளின் சலசலப்பு மட்டும். இருவரும் ஆளுக்கொரு வரிசையாக நடந்தார்கள். இயந்திரம் நின்ற இடத்திலிருந்து நாற்பதடி தள்ளி வெர்லின் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. தட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் இன்னும் ஏறல. விட்டுட்டுப் போக முடியாது" என்றார் மார்லிஸிடம்.

அவள் தொப்பியை வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டாள். அந்த ஆள் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பெயர் லைல். இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டவன், திறந்த தோட்டத்தையும் செங்கற்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "எவன் பண்ணின வேலை இது?" என்றான். அவள் சொன்னாள்.

சனிக்கிழமை அவனும் அவன் தம்பியும் கன்றுக்குட்டிப் பட்டிக்குப் போடும் கனத்த கம்பித் தட்டிகளைக் கொண்டுவந்தார்கள். இரும்பு முளைகளை மண்ணில் அடித்து, தட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். குழியும் வேண்டியிருக்கவில்லை, கான்கிரீட்டும் வேண்டியிருக்கவில்லை. முன்கதவில் உயரத்தில் ஒரு கொக்கியும் போட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மார்லிஸ் அன்று முதல்முறையாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள்.

பத்து நாளில் நகராட்சிக் கடிதம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் கால்நடை வேலி கூடாதாம். மே ஒன்றுக்குள் அகற்ற வேண்டுமாம். பெர்மிட் வைத்திருக்கும் காண்ட்ராக்டரைத் தொடர்புகொள்ளவும் என்று கடைசி வரி சொன்னது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். வெர்லினும் கூடச் சிரித்தார்.

நகல் டுவேனுக்கும் போயிருக்க வேண்டும். நவம்பர் நடுவில், தரை கல்லாக இறுகிய பிறகு, தனியாக வந்து வாசலில் நின்றான். ஒரு தோளில் கட்டுப் போட்டிருந்தது.

"மேடம், திட்டணும்னா திட்டிருங்க. ஆளுங்க ரெண்டு பேரும் வேற கம்பெனிக்கு ஓடிட்டானுங்க. ஒம்பது வீட்டுல வேலை எடுத்துட்டேன். தோள் வேற போயிருச்சு. போனை எடுத்தா யாருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் எடுக்கல."

"காட்டுல நடந்தது தெரியுமா உனக்கு?"

"தெரியும்." தரையைப் பார்த்தான். "லைல் வந்து சொன்னாரு. சொன்னது மட்டுமில்ல, சட்டையையும் பிடிச்சாரு. ஏப்ரல்ல நிச்சயமா முடிச்சுருவேன். எழுதியே தரேன்."

ஆறு வாரமாக அவனிடம் சொல்ல வேண்டியதை அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது கதவை இன்னும் அகலத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். வெர்லின் நாற்காலியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே திரும்ப மடித்தார்.

"எழுதிக் கிழிச்சது போதும். இப்ப உள்ள வா. அவர் பக்கத்துல உக்காரு. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"நானா? எனக்கு இதெல்லாம்..."

"எனக்கும்தான் பழக்கமில்ல. பூட்ஸைக் கழட்டிட்டு வா."

காரை எடுத்தாள். பத்து வாரத்தில் முதல்முறை. தேவாலயத்தைத் தாண்டினாள், கடைத்தெருவைத் தாண்டினாள். மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில் போய் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கே போவதென்று தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே ஓட்டினால் இருட்டுவதற்குள் மிசௌரி ஆற்றைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மனப்பூர்வமாகத்தான் போட்டாள். பிறகு கடைக்குள் போய் ஒரு காப்பி வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தாள். காரை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

உள்ளே டுவேன் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்னை நாலு தடவை பேர் கேட்டுட்டாரு. மூணு தடவை கிளம்பிட்டாரு. தினமும் இப்படியா மேடம்?"

"தினமும்."

அவன் வெகுநேரம் பூட்ஸ் கயிறு கட்டினான். ஒரு கையால் கட்டவேண்டியிருந்தது. "வியாழக்கிழமை வேணும்னா வரேன்" என்றான் நிமிராமல்.

வியாழக்கிழமை வந்தான். அதற்கடுத்த வியாழனும் வந்தான். மூன்றாவது வியாழன், மார்லிஸ் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு மூன்றரை மணிவரை கதவருகே நின்றாள். டுவேனின் டிரக் வரவில்லை. பிறகு பையை ஆணியில் மாட்டிவிட்டு, முன்கதவின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று சரிபார்த்தாள்.