கேஸில் காய்ந்த தண்ணீர்

1

இந்தக் கதையை நான் ஒரு கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பில் போடவில்லை.

நாமக்கல்லில் வெந்நீர் ஹீட்டர் வாங்கப் போயிருந்தோம். கேஸா, கரண்டா என்று எனக்கும் என் மனைவிக்கும் முக்கால் மணி நேரமாகப் பேச்சு. கேஸ் என்றால் திறந்தவுடன் சுடும் என்றேன் நான். சிலிண்டர் தீர்ந்த அன்று நீங்கள்தான் முதலில் குளிக்க வேண்டும் என்றாள் அவள். கடைக்காரர் இரண்டையும் ஒரே அளவில் புகழ்ந்தார். பக்கத்தில் குக்கர் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கொல்லிமலைக்காரர், எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க மலையில அந்தக் காலத்துல தண்ணி காய வெச்சாலே கேஸுதானுங்க."

நான் மேற்கொண்டு கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அவர் சொன்னது சிலிண்டர் கேஸ் அல்ல, கோர்ட் கேஸ் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சர்க்கார் காப்புக்காட்டில் விறகு வெட்டினால் போடும் வழக்கு. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருடையது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. ஹீட்டர் இன்னும் வாங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "1941ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், கொல்லிமலையின் மீது கருமேகங்கள் திரண்டு"

(நிறுத்திவிட்டேன். மேகத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "வளப்பூர் நாட்டில் மாதேஸ்வரன் என்ற ஏழை விவசாயி"

(இதுவும் சரியில்லை. சாமை விளையும் காடு, இரண்டு பலா மரம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி எல்லாம் அவனுக்கு இருந்தன. மிளகை ஐம்பது கிராம் பொட்டலமாக வாங்கும் நான் அவனை ஏழை என்பது கொஞ்சம் அதிகம்.)

மூன்றாவது: "பொன்னாயிக்கு எட்டு மாதம்."

இது நிற்கும். பொன்னாயி மாதேஸ்வரனின் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது. விறகெல்லாம் நனைந்துபோய், பிள்ளை பெற்ற உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அவள் ஜன்னி கண்டு படுத்தாள். குழந்தை ஒன்பது நாள் இருந்தது. தண்ணீர்தான் காரணமா என்று இதைப் படிக்கும் டாக்டர்கள் என்னோடு வாதாடலாம். பொன்னாயியோடு யாரும் வாதாட வேண்டாம்.

"இந்தத் தடவ சுடுதண்ணி இல்லாம நான் பெக்க மாட்டேனுங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். ஏதோ அது அவள் கையில் இருப்பது போல.

அவனும் கோடை முழுக்க விறகு வெட்டி வீட்டுக்குப் பின்னால் அடுக்கினான். காட்டிலாகா கார்டு வந்து பார்த்தார். விறகு போயிற்று, கேஸ் வந்தது. கீழே கோர்ட்டில் அபராதம் போட்டு, இன்னொரு தடவை வந்தால் ஜெயில் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது யார், சாமையை அறுப்பது யார்?

(சொந்தப் பலா மரத்தை வெட்டலாமே என்பீர்கள். ஐப்பசி மழையில் பச்சை மரம் புகைதான் தரும். தவிர, இப்படி யோசனை சொல்கிறவர்கள் பலாப்பழம் கேட்டு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. களி கிண்டச் சுள்ளி போதும்; ஒரு அண்டா தண்ணீர் காயச் சுள்ளி போதாது.)

3

இந்த இடத்தில் கரண்டு வருகிறது. அதாவது, சின்னராசு வருகிறான்.

சின்னராசு பொன்னாயியின் தம்பி. மலையை விட்டு இறங்கி, சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் தோட்டவேலை செய்தான். அக்காளைப் பார்க்க வந்தவன், மச்சானின் சங்கடத்தைக் கேட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"எங்க டாக்டரு ஊட்ல வெறவே கெடையாதுங்க மச்சான். செவுத்துல வெள்ளையா ஒரு பீப்பா இருக்குது. பொத்தானத் தட்டுனா கரண்டு வருது. தண்ணி தானா காயுது."

"பொக?"

"பொகையே இல்லீங்க. முன்ன பம்பாயில இருந்தப்ப அவுங்களுக்குக் கேஸுங்களாம். இங்க வந்துதான் கரண்டு."

மாதேஸ்வரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "டாக்டருக்குமா கேஸு? எத்தன கட்டு வெட்டுனாரு?"

குழாயில் வரும் கேஸை சின்னராசுவும் பார்த்ததில்லை. ஆனால் டவுனில் இருப்பவன் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"பெரிய கேஸாத்தான் இருக்கோணுமுங்க. அதான் ஊரையே மாத்திக்கிட்டு வந்துட்டாரு."

படித்த டாக்டரே கேஸுக்குப் பயந்து கரண்டுக்கு ஓடியிருக்கிறார் என்றால் நாம் எம்மாத்திரம் என்று மாதேஸ்வரன் அங்கேயே முடிவு கட்டினான். டோலி கட்டிப் பொன்னாயியை மலையிறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோய்விடுவது. அவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நான் கடையில் நின்ற லட்சணத்தைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பொன்னாயி சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் கண்ணு, நீ அங்க எங்க குளிக்கற?"

"கெணத்தடியிலக்கா."

"சுடுதண்ணியா?"

சின்னராசு கூரையைப் பார்த்தான்.

"அந்தப் பீப்பா ஊட்டுக்குள்ள இருக்குதுக்கா. நம்ம கொட்டாய் வெளிய."

"அப்பறம் எனக்கெதுக்கு சாமி கரண்டு? பச்சத்தண்ணிதான்னா இங்கயே ஊத்திக்கறேன்."

4

கார்டு விஷயத்தில் எனக்கு முதலிலிருந்தே தடுமாற்றம். முதலில் எழுதிய படியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து, கையில் பிரம்பும் கொடுத்து, "டேய் மாதேஸ்வரா என்று அவர் உறுமியபோது காடே"

வேண்டாம். காடு அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

இந்தப் படியில் கார்டின் பெயர் அர்த்தனாரி. மலையடிவாரத்து ஊர்க்காரர், பொய் சொல்லத் தெரியாதவர், காட்டோரக் குடிசையில் தனியாக இருந்தார். மலைக் குளிரில் அவருக்குக் கால் வெடித்துவிட்டது. தினமும் காலையில் பெரிய அண்டாவில் தண்ணீர் காய வைப்பார். அவர் எரிக்கும் விறகுக்கு அனுமதி உண்டு. அந்தப் புகை பொன்னாயி வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு மாதமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுதிய எனக்கே இது பிறகுதான் தெரிந்தது.

5

சின்னராசு சேலம் திரும்பிய மறுநாள் காலை, பொன்னாயி புருஷனிடம் சொல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மைல் நடந்து கார்டின் குடிசைக்குப் போனாள்.

"ஏனுங்க கார்டு, வெறவு எடுத்துக்கிட்டுப் போனாக் கேஸுங்களா?"

"ஆமாம்மா."

"கரி எடுத்துக்கிட்டுப் போனா?"

"அதுவும் கேஸுதான்."

"சாம்பலு?"

அர்த்தனாரி கொஞ்சம் யோசித்தார். "சாம்பலுக்கு இல்ல."

"சுடுதண்ணிங்க?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார்கள். அர்த்தனாரி உள்ளே போய்ச் சட்டக் காகிதங்களை எடுத்து வந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மரம், மூங்கில், கரி, பட்டை, தேன், மெழுகு, கொம்பு, தோல் எல்லாம் இருந்தன. சுடுதண்ணீர் இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார்.

"தண்ணி ஆரோடது?"

"எங்க ஊத்துத் தண்ணிங்க. குடத்துல கொண்டாந்து ஊத்திருவோம்."

"நெருப்பு?"

"நெருப்பு உங்களுது."

"நெருப்புக்கும் ஒண்ணும் எழுதலியே," என்றார். சர்க்காரை நினைத்துச் சற்று வருத்தம் போலிருந்தது. "செரி, அண்டாவுல ஊத்திட்டுப் போகச் சொல்லு. எடுத்துக்கிட்டுப் போறப்ப நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்."

"பாக்கோணுமுங்க. பாத்துட்டு, இது கேஸில்லைன்னு உங்க வாயால சொல்லோணும். நாளைக்கு வேற கார்டு வந்தாருன்னா நான் ஆரைக் கேப்பேன்?"

அவர் காகிதத்தை மடித்தார். "கேஸில்ல தாயீ."

நான் இப்படி யோசித்திருக்க மாட்டேன். என் மூன்றாம் படியில் அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

(அங்கேயே போய்க் குளித்துவிட்டு வரலாமே என்று கேட்பவர்களுக்கு: பச்சை உடம்புக்காரியை மழையில் அரை மைல் நடத்திக் கூட்டிப்போய், தனி ஆள் குடிசையில் குளிக்க வைக்கச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.)

6

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், நடுப்பகலில், பொன்னாயி பெண் குழந்தை பெற்றாள். குழந்தை நன்றாக அழுதது. பேறு பார்த்த அத்தாயி வாசலுக்கு வந்து தண்ணீருக்குக் குரல் கொடுத்தாள்.

மாதேஸ்வரன் கார்டின் குடிசைக்கு ஓடி, காலையிலிருந்து அடுப்பிலேயே இருந்த அண்டாவிலிருந்து குடம் நிறைய மொண்டு, அதன் வாயை வாழை இலையால் மூடி, தலையில் வைத்துக் கிளம்பினான். அரை மைல் சேறு. தூறலோடு காற்று வேறு.

முடிவு ஒன்று: அவன் வழுக்கி விழுகிறான். (கல் நெஞ்சுக்காரர்களுக்கு.)

முடிவு இரண்டு: அர்த்தனாரி சர்க்கார் குடையோடு பின்னால் ஓடி வந்து குடத்துக்குப் பிடிக்கிறார். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: போய்ச் சேரும்போது தண்ணீர் ஆறிப்போய், முன்பு போலவே, குழந்தை ஒன்பதாவது

இல்லை. இதை முடிக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இப்போதுதான் கவனிக்கிறேன். நான் முடிவுகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவன் குடத்தோடு வழியில் நிற்கிறான். நான் எழுதாமல் அவனால் ஓர் அடி வைக்க முடியாது. நான் எழுதும் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் தண்ணீர் கொஞ்சம் ஆறுகிறது. இலையை விலக்கிக் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் சுடுகிறது. அதிக நேரம் சுடாது.

ஆகவே மாதேஸ்வரனை உங்களிடம் விடுகிறேன். மழையின் அழகைப் பார்க்க வேண்டாம், அவனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். சீக்கிரம் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தாயி மறுபடியும் கூப்பிடுகிறாள்.