மேடு ஏறாத வண்டி

என் அக்காவும் அவள் கணவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பாத்திரத்துச் சோறு. ஆனால் சேதி மட்டும் என் வழியாகத்தான் போக வேண்டும். "அந்தாளுகிட்ட சொல்லு, பாத்ரூம் பல்பு போயிடுச்சு" என்று அக்கா எனக்குப் போன் செய்வாள். பின்னால் அந்தாள் இருமுவது எனக்கே கேட்கும். நான் அவரைக் கூப்பிட்டுச் சொல்வேன். "பல்பு வாங்கியாச்சு, ஸ்டூல் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு மாப்ள" என்பார் மாமா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் உறை போட்டுவிடுவார்கள்.

நான் டீசல் வண்டி மெக்கானிக். பட்டறை வாசலில் 'டீசல் டாக்டர்' என்று போர்டு. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம்தான். யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. மாமா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அக்கா ஜன்னல் திரைகள் தைப்பவள். ஓட்டல், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் அவள் தைத்த திரைதான் தொங்கும். அந்தத் தையலில்தான் வாசலில் நிற்கும் டீசல் காரை வாங்கினாள்.

பேச்சு நின்றது இப்படி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்கு அக்கா போயிருந்தபோது, மாமா அவளுடைய தையல் மெஷின்களை விற்றுவிட்டார். காசுக்காக இல்லை. தூக்கத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்டிருக்கிறார். பெண்டாட்டி இனிமேல் உழைக்கக் கூடாது என்று தாமே முடிவெடுத்து, அந்த அறைக்கு வெள்ளையடித்து, நடுவில் ஒரு சாய்வு நாற்காலியையும் வாங்கிப் போட்டார். தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் செய்யும் நல்லதைத் தாங்குவதற்குத் தனியாக ஒரு தெம்பு வேண்டும். ஊரிலிருந்து வந்த அக்கா கதவைத் திறந்தாள், நாற்காலியைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். அதோடு சரி.

அப்புறம் ஒரு நாள் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"வண்டி மேட்டுல ஏறினா சூடாகுதுடா. முள்ளு சிவப்புக்கு ஓடுது. சீக்கிரம் பார்த்துக் கொடு. மக வீட்டுப் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன். புது மெஷின் போடப் போறேன்."

"எப்ப திரும்பி வருவ?"

"வர்றதா இல்ல."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். அக்கா கத்தினால் கவலையில்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மெதுவாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். "அந்தாளுகிட்டயும் சொல்லிடு" என்று கிளம்பிப் போனாள்.

போய்ச் சொன்னேன். மாமா பேப்பரை மடித்து வைத்தார். மடிப்பின்மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். "அந்த மேடு செங்குத்து. பார்த்துப் போகச் சொல்லு" என்றார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்று பார்த்தேன். மனிதர் மறுபடி பேப்பரைப் பிரித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஆக, வண்டி சரியானால் அக்கா போய்விடுவாள். சரியாகாவிட்டால் என் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். எனக்கு மதியச் சாப்பாடும் அந்த வீட்டில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடாகிற வண்டியில் முதல் சந்தேகம் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் மேல்தான். கூலண்ட் டாங்கி பழசு. பிளாஸ்டிக் பழுத்துக் காவியேறியிருந்தது. உள்ளே என்ன நிறம் என்று தெரியாது, மட்டம் மட்டும் தெரியும். மட்டம் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்காவை ஓட்டச் சொல்லிவிட்டு மறுநாள் பார்த்தேன், அப்போதும் நிறைந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சொட்டுக்கூடக் குறையாத வண்டியில் கசிவு எங்கிருந்து வரும்? கசிவு இல்லை என்று எழுதாத குறையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டாக்டர்கள் விரலை விட மாட்டார்கள்.

ரேடியேட்டர் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று மோட்டாரை மாற்றினேன். மேட்டில் கொதித்தது. பெல்ட்டை மாற்றினேன். கொதித்தது. முள்தான் பொய் சொல்கிறது என்று சென்சாரை மாற்றி, நானே மலைக்கு ஓட்டிப் போனேன். பாதி மேட்டில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் வரிசையாக வண்டிகள். ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, என் சட்டை முதுகில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "டாக்டருக்கே காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான். தலையையே கழற்ற வேண்டிய வேலை. அதற்கு முதலில் கூலண்டை வடிக்க வேண்டும். அடியில் பேசினை வைத்து, ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஓஸைக் கழற்றினேன். பச்சைத் தண்ணீர் பாயும் என்று விலகி நின்றேன். எதுவும் பாயவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவின் அடி மண்டி மாதிரி ஒன்று, பழுப்பாக, கெட்டியாக, தொப் தொப் என்று விழுந்தது.

கூலண்டில் பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. தனித்தனியாக இருந்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். மருந்து வேறு வேறாக இருக்கும் இரண்டைக் கொண்டுபோய் ஒரே டாங்கியில் விட்டால், கட்டிதட்டி ரேடியேட்டரின் பொடிக் குழாய்களையெல்லாம் அடைத்துவிடும். பின்பக்கம் கைவிட்டுத் துழாவினேன். ஒரு ஓஸ் கிளிப் தளர்ந்து, கசிந்து காய்ந்த உப்பு பூத்திருந்தது. கசிவு இருந்திருக்கிறது. டாங்கிதான் குறையவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வண்டியில கூலண்ட் ஊத்துறியா?"

"ஆமா. சாயங்காலம் வந்து பார்த்தா குறைஞ்சிருக்கும், ஊத்துவேன். நீ குடுத்த பச்சைக் கேன்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

மாமாவைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "காலைல அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி பார்ப்பேன் மாப்ள. ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கும், ஊத்தி வச்சிருவேன். சிவப்பு. கடையில இருக்கறதுலயே உசத்தியானது."

"எதுக்கு மாமா?"

"நடு மேட்டுல அவ தனியா நின்னுடக் கூடாது பாரு."

அவள் தன்னை விட்டுப் போகிறாள் என்று தெரியும். தெரிந்தும், போகிற வழியில் சிரமப்படக் கூடாது என்று விடியற்காலையில் எழுந்து ஊற்றியிருக்கிறார். பல்பு, ஸ்டூல் என்று ஆயிரம் சேதி என் வழியாகப் போய்வந்த வீட்டில், இந்த ஒன்றைச் சொல்லி அனுப்ப இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சரி, இனி நான் சொல்கிறேன் என்று நினைத்தேன். இதைக் கேட்டால் அக்கா கரைந்துவிடுவாள். ஒரே அடைப்பு, நீக்கினால் வண்டியும் ஓடும், குடும்பமும் ஓடும். பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்த புண்ணியம் டீசல் டாக்டருக்கு. இரண்டு பேரையும் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

பேசினை நடுவில் வைத்தேன். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மாமா. கசிவு, பச்சை, சிவப்பு, அடைப்பு என்று எல்லாவற்றையும் விளக்கி, "ரெண்டு பேருமே ஊத்தியிருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம" என்று முடித்தேன். அக்கா பேசினைப் பார்த்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், நேராக மாமாவைப் பார்த்துப் பேசினாள்.

"எதுக்கு ஊத்துனீங்க?"

பேச்சு நின்றதற்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உனக்காகத்தான்" என்றார் மாமா.

அக்கா தலையை ஆட்டினாள். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று நான் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

"மெஷினையும் எனக்காகத்தான் வித்தீங்க."

"உன் தோளு வலி…"

"என் தோளைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? வண்டில ஏற்கனவே என்ன ஊத்தியிருக்குன்னு கேட்டீங்களா?"

"நாமதான் பேசறதில்லையே."

"மெஷினை விக்கும்போது பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்."

எத்தனையோ பிள்ளைகளைப் பலகை முன்னால் நிறுத்தி விடை கேட்ட மனிதர். பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். தாழி உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அவரு நல்ல எண்ணத்துலதான…"

"நல்ல எண்ணந்தான்டா. அது தெரியாமலா இத்தனை காலம் குடும்பம் நடத்துனேன்?" என்றாள். "இதைக் கழுவி விட்டா மேடு ஏறுமா?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏறாது, இன்ஜினே போச்சு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள், அதுவரை நான் செய்திருந்த வைத்தியத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்புவார்கள்.

"ஏறும்" என்றேன்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். நல்ல தண்ணீரை விட்டு வண்டியை ஓடவிட்டு வடித்தேன். வடிவது தெளியும்வரை திரும்பத் திரும்ப அதையே செய்தேன். புது கிளிப், புது ஓஸ், புது டாங்கி, பச்சைக் கூலண்ட். மலை உச்சிவரை ஓட்டிப் போய்வந்தேன். முள் பாதியில் ஏறி நின்றது நின்றதுதான். இவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. என் வேலையின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு வேறு என்றைக்கும் வந்ததில்லை.

அக்கா கிளம்புகிற காலையில் துணிச் சுருள்களை வாசலில் அடுக்கியிருந்தாள். மாமா ஒன்றைத் தூக்கப் போனார். தூக்காமல், குனிந்தபடியே நின்று, "இதை வண்டில வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"வைங்க" என்றாள்.

ஒவ்வொரு சுருளுக்கும் அவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் "வைங்க" என்றாள். கடைசிச் சுருளையும் வைத்ததும் அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அவரிடமே சொன்னாள். இடையில் நான் தேவைப்படவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பியது.

மாமா அங்கேயே நின்றார்.

"முள்ளு எங்க நிக்கும் மாப்ள?"

"பாதில மாமா."

"மேட்டுலயும்?"

"மேட்டுலயும்."

அவர் வண்டி போன தெருமுனையைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டார். "முள்ளு அதுக்கு மேல கொஞ்சங்கூட ஏறாதா?"

"ஏறாது மாமா" என்றேன்.