சென்னியப்பன் கடை மேசை பின்னால் போகும்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கொடுக்க மாட்டேன். அதற்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

திருப்பூரில் எங்கள் தெருவிலுள்ள சென்னியப்பன் ஜவுளிக்கடைக்குள் ஆப்பிரிக்காக்காரர்கள் யாராவது வந்தால், துணி விரிக்கிற மேசை பின்னால் போகும். அவர்கள் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி போகும். மேசையோடு அலமாரி போகும், அலமாரியோடு சுவர் போகும், சுவரில் மாட்டிய சாமி படம் ஊதுபத்தி அணையாமல் போகும். மற்ற கடைகளும் இப்படித்தான். செருப்புக்கடையில் ஸ்டூல் போகும். பேக்கரியில் பப்ஸ் வைத்த கண்ணாடிப் பெட்டி போகும். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. கதவு திறந்தேதான் இருக்கும்.

எங்கள் காம்பவுண்டு மாடி வீட்டில் சினேலோ அக்கா இருக்கிறார். நைஜீரியாக்காரர். அவருடைய வீட்டுக்காரர் இங்கே டீ-ஷர்ட் வாங்கி லாகோஸுக்கு அனுப்புகிறார். மகள் கம்சி யூ.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்குக் கும்மி. கும்மிக்குப் பட்டுப்பாவாடை வேண்டும். அதற்காக அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு சென்னியப்பன் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். காலையில் உள்ளே போவார்கள், "ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்ளா?" என்று அக்கா கூப்பிடக் கூப்பிட நடப்பார்கள், கடை சாத்துகிற நேரத்துக்குத் திரும்பி வருவார்கள்.

கடைக்குப் பின்னால் பல் டாக்டர் கிளினிக். மேசை அதன் வழியாகத்தான் போகும். டாக்டர் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள் கால்களை மடக்கி வழி விடுவார்கள். அதையும் தாண்டினால் ரயில் பாதை.

அதே நேரத்தில் உள்ளூர்க்காரர் யாராவது வந்தால் அவர்களுக்கு மேசை வாசலிலேயே இருக்கும். இரண்டு மேசை கிடையாது. ஒன்றுதான். அக்காவின் தோளை உரசிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து முந்தானை பார்ப்பார். அக்காவுக்கு அதே மேசை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் வேறு போட்டிருக்கும்.

கம்சிக்குக் கடை என்றால் நடக்கிற இடம். ஒருநாள் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"கடைக்கு."

"கடைக்குப் போயி என்ன வாங்குவே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கடையில வாங்குவாங்களா?" என்று கேட்டாள்.

அன்று மாலை அக்காவிடம், "நானே போயி வாங்கிட்டு வந்துடறேன்க்கா, எனக்கு மேசை வாசல்லயே நிக்கும்," என்றேன்.

"வேண்டாம் தாரணி. அவ தொட்டுப் பாத்து எடுக்கணும்." அக்கா கம்சியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "நாளன்னைக்கு விழா. பாவாடை இல்லைன்னா கடைசி வரிசையில நிறுத்திடுவோம்னு மிஸ் சொல்லிட்டாங்க. நாளைக்கு எப்படியாவது மேசையைப் புடிச்சிடறேன். இன்னைக்கு ரொம்பப் பக்கத்துல போயிட்டோம். சாமி படத்துல எந்தச் சாமின்னுகூடத் தெரிஞ்சுது."

நான் பதினொன்றாம் வகுப்பு. எனக்கு எல்லோர் குரலும் வரும். கணக்கு டீச்சர், மினிபஸ் கண்டக்டர், கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர், குக்கரின் மூன்றாவது விசில். அந்த விசிலைக் கேட்டு அம்மா இரண்டு தடவை அடுப்பை அணைத்திருக்கிறார். இரண்டு நாளும் பருப்பைக் கடித்துத்தான் சாப்பிட்டோம்.

மேசையைத் திரும்பி வரவைக்க ஒரே வழிதான் உண்டு. கடைக்காரர் "வாங்க" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வாங்க என்றால் வாங்கதான். சொல்லிவிட்டால் அடுத்தது உட்கார இடம், அடுத்தது தண்ணீர், அடுத்தது துணியை விரிப்பது. நடுவில் நிறுத்தியவர் யாரும் கிடையாது. சென்னியப்பன் அண்ணனும் அக்காவைப் பார்த்தால் மரியாதையாகத் தலையாட்டுவார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டார்.

மறுநாள் காலை, கடை வாசலில் புடவை கட்டி நிற்கிற மூன்று பொம்மைகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக நானும் போய் நின்றேன். அம்மாவின் கல்யாண ரிசப்ஷன் புடவை. ஒரு கையைத் தூக்கி, எங்கேயோ பார்த்துச் சிரித்தபடி நின்றேன். சென்னியப்பன் அண்ணன் வந்து என் முந்தானை மடிப்பைச் சரிசெய்து, தூக்கிய கையில் தள்ளுபடி அட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

சிரிப்பு இதுவல்ல. பொறுங்கள்.

சினேலோ அக்காவும் கம்சியும் வந்தார்கள். மேசை நகரத் தொடங்கியது. நான் முதலில் கண்டக்டர் குரலில், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே!" என்றேன். மேசை இன்னும் வேகமாக உள்ளே போனது. தப்பு என்னுடையது. அடுத்து எங்கள் தலைமையாசிரியை குரலில், "நில்!" என்றேன். மேசை நின்றது. அக்காவும் கம்சியும்கூட நின்றுவிட்டார்கள். கம்சி வாயில் விரல் வைத்தாள்.

எனவே சென்னியப்பன் அண்ணன் குரலுக்கே போனேன். அது லேசில் வராது. முதலில் ஒரு செருமல். பிறகு இரண்டு முழு வாங்க. மூன்றாவது பாதியில் நின்றுவிடும், ஏனென்றால் அதற்குள் அவர் துணியை இழுக்க ஆரம்பித்திருப்பார்.

"க்கும். வாங்க, வாங்க, வா..."

மேசை திரும்பியது. கிளினிக் வழியாக, அலமாரியையும் சுவரையும் சாமி படத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, கம்சியின் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. கம்சி அதன்மேல் ஒரு விரலை வைத்தாள். அது போகவில்லை. இன்னொரு விரலையும் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் அண்ணன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். கடை அவருடையது, குரலும் அவருடையது. அப்படியானால் சொன்னது அவர்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்ளா?"

இதைச் சொன்னது நான் இல்லை. அவரேதான்.

"குடிக்கறேனுங்க," என்றார் அக்கா.

"பாப்பா பேரு என்னுங்க?"

"கம்சிங்க."

"கம்சி. வாய்க்கு லேசா இருக்குதுங்க. எம் பேத்திக்கு ஒரு பேரு வெச்சிருக்கறாங்க, கூப்பிட்டா எனக்கு நாக்கு சுளுக்கிக்குது."

கம்சி சிரித்தாள். நான் அவர் குரலில், "மேல் தட்டுல இருக்கறதையும் எடுத்துக் காட்டறேனுங்க," என்றேன். அவர் ஏணி போட்டு ஏறினார். "ரோஸ் கலரும் இருக்குதுங்க," என்றேன். மறுபடி ஏறினார். மேசைமேல் பாவாடைகள் குவிந்தன. கம்சி எல்லாவற்றையும் தொட்டாள், ஒன்றை முகர்ந்தாள், கடைசியில் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அதான் பாப்பாவுக்கு எடுப்பா இருக்கும்," என்று சென்னியப்பன் அண்ணன் அவளைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். கவுனுக்கு மேலேயே பாவாடையைக் கட்டினார். பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து முட்டி போட்டு, கணுக்கால் வரை வருகிறதா என்று பார்த்தார். பாவாடை நுனியை ஒருபக்கம் அவர் பிடித்திருந்தார், மறுபக்கம் அக்கா. இரண்டு கைகளும் ஒரே நிறம். வளையலை வைத்துத்தான் எது யாருடையது என்று சொல்ல முடிந்தது.

"இடுப்புல ஒரு மடிப்பு வெச்சுத் தெச்சுக்குங்க. வளர்ற புள்ள. அடுத்த வருச விழாவுக்கும் ஆகும்."

கம்சி மேசைமேல் சுற்றினாள். அக்கா கைக்குட்டையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தார். மூக்கில் ஒன்றும் இல்லை.

"நீங்க ஒருநாள் கூப்பிடுவீங்கன்னு தெரியுங்கண்ணா," என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர் நம்பவே இல்லைங்க. நாந்தான் சொல்லிட்டே இருந்தேன், அவரு அப்படிப்பட்டவரு இல்லை, கூப்பிடுவாருன்னு."

சென்னியப்பன் அண்ணன் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். செம்பை எடுத்து, அண்ணாந்து, தண்ணீரை வாய்க்குள் ஊற்றிக்கொண்டார்.

அப்போது நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். சந்தோஷம்தான் காரணம்.

"பாப்பாவுக்கு இது நம்ம கடை. எப்ப வேணா வாங்க," என்றது அவர் குரல்.

அவர் வாய் நிறையத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை. செம்பை மெதுவாக இறக்கினார். தண்ணீரை விழுங்கினார். சற்று முன் தான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, எது தன்னுடையது என்று பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல் வார்த்தைக்கு வந்ததும் பார்ப்பதை நிறுத்தினார். வாசல் பக்கம் திரும்பி ஒரு பொம்மை, இரண்டு பொம்மை, மூன்று பொம்மை என்று வந்து என்னிடம் நின்றார். அக்காவும் என்னைப் பார்த்தார். நான் தள்ளுபடி அட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன்.

அவர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். அவர் குரல் என்னிடம் இருந்தது. ஆகவே பக்கத்தில் எது கிடைத்ததோ அந்தக் குரல் வந்தது. அது சினேலோ அக்காவின் குரல்.

"ஏனுங்க," என்றார் சென்னியப்பன் அண்ணன் அந்தக் குரலில், "யாராச்சும் இருக்கீங்ளா?"

அக்காவின் குரலைக் கேட்டதும் மேசை பின்னால் போனது. அதன்மேல் மஞ்சள் பாவாடையில் கம்சியும், பக்கத்தில் ஸ்டூலோடு அக்காவும் போனார்கள். சென்னியப்பன் அண்ணன் வாங்க வருகிறவர்கள் நிற்கிற இந்தப் பக்கம் இருந்தார். ஓரடி வைத்தார். அது ஓரடி போனது.

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா நடங்கண்ணா," என்றார். "வேகமா வந்தா அதுவும் வேகமாப் போகும்."

அவர் சரியென்று தலையாட்டி, வேட்டியை மடித்துக் கட்டினார்.