மூக்கிலிருந்து வந்த முழங்கால்

அஞ்சாம் சித்தப்பா கேட்காமலேயே குனிந்து என் முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“மூக்குல இருந்து எடுத்து வச்சதாமே? சளி புடிச்சா இங்கதான் ஒழுகுமா?”

கூடமே சிரித்தது. என் கணவர் தோவானும் சிரித்தார்.

“மிளகுத்தூள் தூவிப் பாருங்க சித்தப்பா, தும்மும்,” என்றாள் நாத்தனார் யென்.

மாமனாரின் நினைவு நாளுக்காக வின்லாங் ஊரிலுள்ள அவர் வீட்டில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் படையலைப் பார்த்தார்கள், அடுத்து என் காலை.

நான் பாலர் பள்ளி ஆசிரியை. மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, குழந்தைகளோடு தரையில் உட்கார முடியாமல் போனதும் என்னை அலுவலக மேசைக்கு மாற்றிவிட்டார்கள். சைகோனில் டாக்டர் சாம் என் மூக்கின் நடுச்சுவரிலிருந்து மிளகளவு குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களை வளர்த்து, நானோ இழைகளால் ஆன மெல்லிய வலையில் படியவிட்டு, போன மாதம் மூட்டுக்குள் பதித்தார்.

“கண்ணுக்கே தெரியாத இழைம்மா. செல்லுங்க அதைத்தான் புடிச்சுக்கிட்டு நிக்குது. எலும்போட இன்னும் சரியா ஒட்டலை. இப்ப மண்டி போட்டீங்கன்னா உரிஞ்சு வந்துடும். அப்புறம் மறுபடி செய்ய முடியுமான்னு என்கிட்ட கேக்காதீங்க,” என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்.

இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சுவரிடம் சொல்லியிருந்தாலாவது எதிரொலி வந்திருக்கும்.

“அண்ணி, அந்தக் கால் பக்கம் போனை வைக்காதீங்க. உள்ள இருக்கற நானோ சிக்னலை இழுத்துக்கும்.”

“அது ரேடியோ இல்ல யென். நூலு மாதிரி.”

“நூலுக்கா இத்தனை நாள் ஆஸ்பத்திரி?”

நான் புன்னகைத்தேன். அவர்களுடைய கேள்விகளைவிட இந்தப் புன்னகைதான் என்னைக் களைப்படையச் செய்தது. யாரும் கேட்காமலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஊதுபத்தி ஏற்றினார்கள். தோவான் பாயில் மண்டியிட்டார். பக்கத்தில் மூத்த மருமகளான என் இடம் காலியாக இருந்தது.

“ஒரே ஒரு தடவை, லியூ,” என்றார் மாமியார். “மெதுவா. நான் புடிச்சுக்கறேன்.”

“முடியாது அத்தை. டாக்டர்...”

“டாக்டரா பசிச்சு வந்திருக்காரு? உங்க மாமாதான் படையலுக்கு வந்து உக்காந்திருக்காரு. மூத்த மருமக கம்பம் மாதிரி நின்னா அவரு என்ன நினைப்பாரு?”

தோவான் திரும்பிப் பார்த்தார். “ஒரு நிமிஷந்தானே. புது மூட்டு, பழசைவிட உறுதியாத்தான் இருக்கும்.”

டாக்டர் சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர்.

அப்போதுதான் கவனித்தேன். நான் ஊன்றி வந்த கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. என் முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. மூட்டுக்குள் எங்கேயோ மெல்ல இழுத்தது. முதலில் பயம், பிறகு கோபம். அவர்கள்மீது கொஞ்சம். என்னைக் கேட்காமலேயே பணிந்துவிடும் இந்த உடம்பின்மீது நிறைய.

நிமிர்ந்தேன்.

“மாமா என்னை மன்னிச்சுடுவாரு அத்தை. இந்தக் கால் மன்னிக்காது.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மாமியார் ஊதுபத்தியை என் கையில் திணித்தார்.

“அப்ப நின்னுக்கிட்டே கும்பிடு. எல்லாரும் பாக்கட்டும்.”

நின்றபடியே தலை குனிந்து கும்பிட்டேன். மாமாவிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சாப்பாட்டின்போது மாமியார் என்னிடம் பேசவில்லை. வழக்கமாக நான் சமையலறைக்குள் போய் அவர் கையிலிருந்து தட்டை வாங்கி, ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். இன்று இளநீரில் முட்டையோடு வெந்த பன்றிக்கறியிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வாடகைக் கார் வாசலுக்கு வந்தது.

“அம்மாவுக்கு மனசு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், தெரியுமா?” என்றார் தோவான்.

“தெரியும்.”

“கொஞ்சம் மடக்கியிருந்தா...”

“நீங்க முன்னாடி உக்காருங்க. நான் காலை நீட்டணும்.”

அவர் முன்கதவைத் திறந்தார். நான் காலை நீட்டினேன். பின்இருக்கை முழுவதும் வேண்டியிருந்தது.