சாயம் கலங்கிய கடல்

மகன் கமல் ஆன்லைனில் வரவழைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டிய கடல் படத்தை முனிரத்தினம் முதல் பார்வையிலேயே நம்பவில்லை. முப்பது வருடம் சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சாயத்தில் முக்கி எடுத்த ஆள். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துப் படத்தின் மேல் அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று அக்ரிலிக் பலகை. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“உள்ளாற தண்ணி பூந்துடுச்சுடா. சாயம் ஒண்ணோட ஒண்ணு கலந்து, படகு எது அலை எதுன்னே தெரியல. உன்னை நல்லா ஏமாத்திட்டான்.”

“வெளிநாட்டு ஓவியம்பா அது. வரையறதே அப்படித்தான். தள்ளி நின்னு பாரு.”

“தள்ளி நின்னு பார்க்க இது இன்னா கருட சேவையா? திருப்பி அனுப்பு.”

“வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. அம்மாவும் வேணாம்னா அனுப்பிடறேன்.”

எல்லம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். டீயைக்கூட டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள். கேட்டால், “வயசாகலையா?” என்பாள்.

“நல்லாத்தானே கீது. கடலு, படகு, மேல சூரியன். இதுல இன்னா குறை?”

“உனக்குக் கலங்கலாத் தெரியலியா?” என்றார் முனிரத்தினம்.

“இதுல இன்னா கலங்கல்? எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்குது.”

முனிரத்தினத்துக்குச் சுருக்கென்றது. அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப்போனார்.

“அந்தக் கோபுரத்துல பொம்மைங்க தெரியுதா?”

“ஏது பொம்மை? வெள்ளையா ஒண்ணு நிக்குது.”

“எத்தினி நாளா இப்படி?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாமே கேடு?”

“டாக்டருங்க எல்லாம் திருடனுங்கன்னு தெனம் சொல்லிக்கினு இருந்தியே. சொல்லிட்டு உங்கிட்ட வாங்கிக் கட்டிக்கவா?”



மறுநாள் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புரை என்றார்கள். “கண்ணு நல்லாத் தெரியுமா? நிஜமாத் தெரியுமா?” என்று அந்த டாக்டர் பெண்ணை ஐந்து தடவை கேட்டார். ஆறாவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று எல்லம்மாள் நேராகப் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள்.

“அய்ய! இன்னாயா இது? குழந்தை சோத்துக் கையால இழுவின மாதிரி! நீ சொன்னதுதான் சரி. அனுப்பிடச் சொல்லு.”

“திருப்பி அனுப்பற வியாழக்கிழமை போயி ரெண்டு மாசம் ஆவுது. இருந்துட்டுப் போவட்டும். அதுதான் உன்னைக் காட்டிக் குடுத்துது.”

அவள் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“உன் மூஞ்சி எப்பயா இப்படிச் சுருங்கிப்போச்சு?”

“தள்ளி நின்னு பாருமே,” என்றார் முனிரத்தினம்.