மெழுகுவத்தி ஏற்றிய இடம்

பெருமாநல்லூருக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவே எந்தச் சமதளத்தைக் காட்டினாலும் அதை மட்டம் செய்தவன் நானாகத்தான் இருப்பேன். இருபத்தைந்து வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறேன். சோளக்காடு, கிணறு, கிளுவை வேலி எதையும் விட்டுவைக்கவில்லை. இப்போது அங்கெல்லாம் பனியன் கம்பெனியும் குடோனும் சைட்டும்தான். டேனியல் மட்டம் செய்த இடத்தில் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கும் என்பார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

எங்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. பிறந்த அன்றே இறந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பண்ணையக்காரர் கந்தப்பனின் சோளக்காட்டில், வேலாமரத்தடியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். கல்லறைத் திருநாள்தோறும் என் மனைவி சகாயமேரி அங்கே மெழுகுவத்தி ஏற்றுவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் காடு குடோன் கட்ட விலைபோனது. மட்டம் செய்யும் வேலை எனக்கே வந்தது. நான் மாட்டேன் என்றால் வேறொருவன் செய்யத்தானே போகிறான்? கோழைக்கு நியாயத்துக்கா பஞ்சம்! மேரி அப்போது கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தவளை அடுத்த காட்டில் நின்ற இன்னொரு வேலாமரத்துக்குக் கூட்டிப்போனேன். கிணறும் இல்லை, வேலியும் இல்லை, அவள் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? நம்பினாள்.

இன்று கல்லறைத் திருநாள். அந்த மரத்துக்கும் முறை வந்துவிட்டது. நான் வண்டியோடு போனபோது மேரி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் தனபால் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, பெத்த பிள்ளைய உங்க கையாலயே தோண்டிப் போடுவீங்களா?"

வண்டியை அணைத்தேன்.

"பிள்ள இங்க இல்ல மேரி. அந்தக் குடோனுக்கு அடியில இருக்குது. நாந்தான் மட்டம் பண்ணுனேன்."

அவள் அழவில்லை. ஒன்பது வருட மெழுகு வேரில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்தாள். பிறகு மரத்தை விட்டுவிட்டுக் குடோனை நோக்கி நடந்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பின்னாலேயே போனேன்.

சுவரோரம் உட்கார்ந்து மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள். வடநாட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"அக்கா, நெருப்பு வேணாம். உள்ளே பூரா துணி."

மேரி கெஞ்சவில்லை. ஊதி அணைத்து, மெழுகுவத்தியை என் கையில் வைத்தாள்.

"இனி எங்கீங்க ஏத்தறது?"



"அண்ணா, மரத்தடி காலியாயிருச்சுங்க. வண்டிய எடுங்க," என்று தனபால் அங்கிருந்து கூப்பிட்டான்.

மெழுகுவத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போய் வண்டியை எடுத்தேன்.